தாமதமாகக் குதித்த தவளை

சாயங்காலம் ஆகிவிட்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் களைப்பு வந்துவிடும்.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக் குனிவாள். குனிந்தவளுக்கு நிமிர மனம் வராது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

அம்மாவின் தம்பி, அதாவது மாமா, பேருந்து ஓட்டுநர். பேருந்தில் இருக்கும்வரை கண்ணை இமைக்கக்கூட மாட்டார். சேர்த்து வைத்த தூக்கத்தை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பேசிக்கொண்டே இருப்பார், பாதிப் பேச்சில் குறட்டை வரும். மீதிப் பேச்சு மறுநாள்தான் கிடைக்கும்.

பெரியவளுக்குப் பதினொரு வயது. அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். அதற்குக் காரணம் சின்னவன்.

அவளுடைய தம்பியான சின்னவன், சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டு, அதைப் பிரித்தும் ஆயிற்று. எலும்பு அழகாகக் கூடிவிட்டது. ஆனால் இத்தனை நாள் அசையாமல் இருந்த கட்டைவிரல் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டது.

“தினமும் விரலை மடக்கி நீட்டணும். கொஞ்சம் வலிக்கும், அப்பப்ப ஓய்வு கொடுத்துட்டு மறுபடி செய்யணும். சும்மா வெச்சிருந்தா அது சோம்பேறி ஆயிடும்” என்று சொன்ன டாக்டரம்மா, அமுக்கிப் பழக ஒரு மெத்துப் பந்தும் கொடுத்தார்.

சின்னவன் அந்தப் பந்தை அமுக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டான். பெரியவள் தவழ்ந்து போய் எடுத்து வருவாள். அவன் மறுபடி உருட்டுவான். மொத்தத்தில் உடற்பயிற்சி கிடைத்தது பெரியவளுக்குத்தான்.

“அக்கா, தண்ணி.”

“அக்கா, இந்த பிஸ்கட் உறையப் பிரிச்சுக் கொடு.”

“அக்கா, முதுகு அரிக்குது. அங்க இல்ல, மேல. இன்னும் மேல.”

“உன் கைதானே உடைஞ்சது? இடது கை சும்மாதானே இருக்கு?” என்று ஒருநாள் பெரியவள் கேட்டுவிட்டாள்.

“இடது கைக்குப் பழக்கம் இல்ல.”

“அப்ப வலது கையப் பழக்கு.”

சின்னவன் குனிந்தான். தன் கட்டைவிரலைப் பார்த்தான். அது யாரோ ஒருவருடைய விரல் போல அவன் மடியில் கிடந்தது.

“இது இனிமே சரியாகாது அக்கா. எனக்குத் தெரியும்” என்றான்.

பெரியவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிஸ்கட் உறையைப் பிரித்துக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம், மாமா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி. அதோடு ஒயர் வைத்த ஒரு கைப்பிடி. கைப்பிடியில் இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் சிவப்பாக ஒரு வட்டப் பொத்தான்.

“நான் சின்னப் பையனா இருந்தப்ப விளையாடினது. இன்னிக்குத்தான் பரண்ல இருந்து எடுத்தேன். பந்து அமுக்க மாட்டேங்குறான், சரி. பொத்தானாவது அமுக்கறானான்னு பார்ப்போம்” என்றார் மாமா.

சின்னவன் எழுந்து வந்தான். பல நாளுக்குப் பிறகு அவன் தானாக எழுந்து வந்தது அன்றைக்குத்தான்.

“என்ன விளையாட்டு மாமா?”

“ஒரு தவளை. தலையில தொப்பி போட்டிருக்கும். வழி முழுக்கப் பள்ளம். சிவப்புப் பொத்தானை அமுக்கினா குதிக்கும். அமுக்கலைன்னா தொபக்.”

பெட்டியிலிருந்து மூன்று ஒயர்கள் தொங்கின. நுனிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம். மாமா டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தார். அது தட்டையான, அகலமான புது டிவி.

“பச்சை இருக்கு, நீலம் இருக்கு, சிவப்பு இருக்கு, வெள்ளை இருக்கு, மறுபடி ஒரு சிவப்பு இருக்கு. மஞ்சளக் காணோம். இதென்ன டிவியா, வண்ணப் பென்சில் டப்பாவா?” என்றார்.

மஞ்சளை நீலத்தில் செருகினார். திரையில் ஒன்றும் வரவில்லை. வேறொன்றில் செருகினார். ‘கொர்ர்’ என்று சத்தம் மட்டும் வந்தது.

“சத்தம் வருது மாமா!” என்று சின்னவன் கத்தினான்.

பெரியவள் எட்டிப் பார்த்தாள். சத்தம் டிவியிலிருந்து வரவில்லை. மாமா சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

அவரை மெல்ல நகர்த்தித் தலையணை கொடுத்துவிட்டு, பெரியவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனாள். ஒவ்வொரு துளையாக வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பச்சைத் துளையைச் சுற்றி மெல்லிதாக ஒரு மஞ்சள் வளையம் இருந்தது. பக்கத்தில் இரண்டு நிற ஒயர்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள்.

“பச்சையும் மஞ்சளும் ஒரே வீட்டுல குடியிருக்குடா!” என்றாள்.

மஞ்சளைப் பச்சையில் செருகினாள். சிவப்புத் துளை இரண்டு இருந்தனவே, அதில் எது? வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அதற்கு ஜோடியாக இருக்கும் என்று நினைத்தாள். அது சரியாகப் போயிற்று. ரிமோட்டில் ஒவ்வொரு இணைப்பாக மாற்றிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் ‘டிங்டிடிங்’ என்று இசை கேட்டது. திரையில் தொப்பித் தவளை வந்து நின்றது.

“ஏன் அக்கா இவ்வளவு குண்டா இருக்கு?”

“பழைய படம் சதுரமா இருந்திருக்கும். நம்ம டிவி அகலம். ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துக் காட்டுது.”

“பாவம், வலிக்கும்” என்றான் சின்னவன். கைப்பிடியை வாங்கிக்கொண்டான். விறைத்த கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தான் மேல் வைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினான்.

தவளை நடந்தது. முதல் பள்ளம் வந்தது. தொபக்.

மறுபடி நடந்தது. தொபக்.

மறுபடியும். தொபக். தொபக். தொபக்.

ஒவ்வொரு முறையும் அமுக்கும்போது சின்னவனுக்கு வலித்தது. அது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவன் விடவில்லை. பந்துக்குச் செய்யாததைத் தவளைக்காகச் செய்தான். பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரே ஒரு பள்ளம் தாண்டிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

தொபக்.

சின்னவன் கைப்பிடியைக் கீழே வைத்தான். வீசி எறிந்திருந்தால்கூடப் பெரியவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. மெதுவாக, பத்திரமாக வைத்தான்.

“நான் சரியாத்தான் அமுக்கறேன் அக்கா. விரல்தான் மெதுவாப் போகுது. நான் சொன்னேன்ல, இது சரியாகாதுன்னு.”

“அதெல்லாம் இல்ல.”

“அப்ப ஏன் தவளை லேட்டாக் குதிக்குது?”

பெரியவள் முன்னால் நகர்ந்தாள். கைப்பிடியைத் தானே எடுத்து விளையாடிப் பார்த்தாள். பள்ளம் வந்தது, அமுக்கினாள். தொபக்.

“எனக்கும் விழுதுடா, பாரு!”

“நீ வேணும்னே விழறே. எனக்காக.”

உண்மையில் அவள் வேண்டுமென்று விழவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. மறுபடி அமுக்கினாள். இந்த முறை பள்ளத்தைப் பார்க்கவில்லை. விரலையும் தவளையையும் மட்டும் கவனித்தாள். பொத்தான் ‘டிக்’ என்றது. அப்புறம் ஒரு கண் சிமிட்டும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தவளை எழும்பியது.

டிக். சிமிட்டல். தவளை.

டிக். சிமிட்டல். தவளை.

“டேய், இடது கையால அமுக்கிப் பாரு.”

“எதுக்கு?”

“பாரேன்.”

சின்னவன் கைப்பிடியை மடியில் வைத்து, இடது கட்டைவிரலால் அமுக்கினான். தொபக். இன்னொரு முறை. தொபக். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

“அக்கா! இடது கைக்கும் வந்துடுச்சு!”

பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். “எந்தக் கைக்கும் எதுவும் வரல. நீ அமுக்கின உடனே டிவி காட்ட மாட்டேங்குது. டிவிதான் லேட்டு.”

“டிவி எப்படி லேட்டாகும்? கார்ட்டூன் எல்லாம் சரியாத்தானே வருது?”

“கார்ட்டூன்ல நீ எதையும் அமுக்கறதில்லையே. அது லேட்டா வந்தா நமக்கு எப்படித் தெரியும்?”

சின்னவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான். நம்பவில்லை என்று அர்த்தம்.

டிவியின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள் பெரியவள். படம் என்ற பகுதியில் ‘சினிமா’, ‘இயல்பு’, ‘விளையாட்டு’ என்று இருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். ‘விளையாட்டு’ என்பதை அமுக்கினாள். திரை பளிச்சென்று மாறியது. தவளை மிரட்டுகிற பச்சையில் மின்னியது. பிறகு வழக்கம் போல் பள்ளத்தில் விழுந்தது.

“இது கால்பந்து பார்க்கிற விளையாட்டு போல” என்றாள் சோர்வாக. சின்னவன் ஏற்கனவே கட்டிலுக்குப் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

பெரியவள் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் படுத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. மதியத்திலிருந்து டிவிக்கு முன்னாலும் பின்னாலும் தவழ்ந்து முட்டி இரண்டும் எரிந்தன. ஆனால் தம்பி அந்தக் கைப்பிடியை மெதுவாகக் கீழே வைத்தது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மாமாவை உலுக்கினாள்.

“மாமா, நீங்க விளையாடினப்ப தவளை உடனே குதிச்சுதா?”

“ம்... குதிச்சுது, குதிச்சுது.”

“எந்த டிவியில விளையாடினீங்க?”

“பழைய டிவி. பின்னாடி பெரிய முதுகு இருக்குமே, அது. கண்ணாடி குண்டா...” அதற்கு மேல் குறட்டைதான் வந்தது.

முதுகு வைத்த டிவி. அதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று பெரியவளுக்குப் பட்டது. கண்ணை மூடி யோசித்தாள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் அத்தையின் கடை இருந்தது. அங்கே மூலையில் எப்போதும் துணிக் குவியல். குவியலுக்கு அடியில் கறுப்பாக ஏதோ ஒன்று. முன்பொரு நாள் சட்டை வாங்கப் போனபோது அதன் கண்ணாடியில் தன் முகம் வீங்கித் தெரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

படியில் இறங்கி ஓடினாள். லிஃப்ட் பழுதாகி நாளாகியிருந்தது.

தையல் அத்தை இயந்திரத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் யாருக்கும் அத்தை இல்லை. ஆனால் கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் தையல் அத்தைதான். ஒரு ஓட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு எல்லாம் புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். கடை முழுக்க வெள்ளைச் சட்டைகள். கண்கள் சிவந்திருந்தன. உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளைக் கவ்விப் பிடித்திருந்தார்.

“அத்தை, அந்த மூலையில இருக்கிறது பழைய டிவிதானே?”

“ம்.”

“அது வேலை செய்யுமா?”

“ம்ஹூம்.”

“செய்யாதா? இல்ல, தெரியாதா?”

“ம்.”

பெரியவளுக்குப் புரியவில்லை. அத்தை ஒவ்வொரு குண்டூசியாக எடுத்துத் துணியில் குத்தினார். வாய் காலியானதும் பேசினார்.

“போட்டு ரொம்ப நாளாச்சு கண்ணு. தூக்கிப் போடலாம்னா ரெண்டு ஆள் வேணும். அவ்வளவு கனம். அதான் மேல துணி வெச்சிருக்கேன். இப்ப உனக்கு எதுக்கு அது?”

பெரியவள் சொன்னாள். தம்பியின் விரல், தவளை, பள்ளம் எல்லாவற்றையும் சொன்னாள். இடது கைக்கும் வந்துடுச்சு என்று அவன் அலறியதைச் சொன்னபோது அத்தையின் கால் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தியது.

“பாவம் பிள்ளை. ஆனா மேல தூக்கிட்டுப் போறதுக்கு நான் எங்க போவேன் ஆளுக்கு? நாளைக்குக் காலையில இந்தச் சட்டை எல்லாம் கொடுத்தாகணும். எழுந்து நிக்கவே எனக்கு நேரம் இல்ல.”

“டிவியத் தூக்க வேணாம் அத்தை. கேம் பெட்டி சோப்புப் பெட்டி கனம்கூட இல்ல. அத இங்க கொண்டு வரேன்.”

அத்தை மூலையைப் பார்த்தார். “அதும்மேல இருக்கிற சட்டை எல்லாம் அளவு வாரியா அடுக்கியிருக்கு. கலைஞ்சா என் உயிரு போயிடும்.”

“கலைக்காம எடுத்து வெக்கிறேன். சின்ன அளவு அடியில, பெரிய அளவு மேல, அப்படித்தானே?”

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மறுபடி குண்டூசிகளை வாயில் கவ்வினார். “ம்” என்றார்.

இந்த ‘ம்’ சம்மதம்தான் என்று பெரியவள் எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கட்டாக எடுத்து மேசையில் அதே வரிசையில் வைத்தாள். ஒரு சட்டைக் கை தொங்கினால் அதையும் மடித்து வைத்தாள். கடைசிக் கட்டை எடுத்ததும் டிவி முழுசாகத் தெரிந்தது. கறுப்புப் பெட்டி. முதுகு அவ்வளவு பெரிதாக இருந்தது, பூனை ஒன்று குட்டிகளோடு குடும்பம் நடத்தலாம்.

பின்பக்கம் மூன்று நிறத் துளைகளைத் தேடினாள். ஒன்றும் இல்லை. ஆன்டெனா ஒயருக்கான ஒற்றைத் துளை மட்டும் இருந்தது. குனிந்து பக்கவாட்டிலும் பார்த்தாள். முன்பக்கம் வந்து தூசியைத் துடைத்தாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன மூடி தென்பட்டது. நகத்தால் நெம்பினாள். உள்ளே இரண்டு துளைகள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை.

வீட்டுக்கு ஓடினாள்.

“எந்திரிடா. கீழ போறோம்.”

“நான் வரல.”

“ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் உன்னை எதுவும் கேக்க மாட்டேன். பந்தைக்கூட எடுத்துட்டு வர மாட்டேன்.”

சின்னவன் திரும்பிப் பார்த்தான். அக்காவின் தலையில் தூசி. கன்னத்தில் கறுப்புக் கோடு. முழங்கையில் ஒட்டடை. அவன் எழுந்தான். கேம் பெட்டியைப் பெரியவள் தூக்கிக்கொண்டாள். கைப்பிடியை அவன் இடது கையில் பிடித்துக்கொண்டான்.

கடையில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் தையல் இயந்திரத்தின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்குங்கள் என்று கேட்கப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. மறுபடி படியேறி வீட்டுக்குப் போய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இப்போது அவளுக்குக் கால்கள் தள்ளாடின.

அத்தை ஒரு சட்டையை முடிக்கும்வரை காத்திருந்து, மோட்டார், டிவி, கேம் பெட்டி மூன்றுக்கும் இணைப்புக் கொடுத்தாள். மஞ்சளை மஞ்சளில் செருகினாள். வெள்ளையை வெள்ளையில் செருகினாள்.

“சிவப்பு மிச்சம் இருக்கே அக்கா?”

“தொங்கட்டும். வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்குத்தான். இந்த டிவிக்கு ஒரு காது போதும் போல.”

டிவியின் பொத்தானை அமுக்கினாள். அது ‘டொம்’ என்றது. ஏதோ முனகியது. பிறகு ‘உஷ்ஷ்’ என்ற இரைச்சலோடு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன.

“வெடிக்கப் போகுது!” என்று சின்னவன் அத்தைக்குப் பின்னால் ஒளிந்தான்.

“வெடிக்காது. சேனல் இல்லாதப்ப அப்படித்தான் கத்தும்” என்றார் அத்தை. “ரிமோட் எங்கன்னு மட்டும் கேட்டுடாத கண்ணு.”

டிவியின் முன்பக்கம் சேனல் மாற்ற இரண்டு பொத்தான்கள் இருந்தன. பெரியவள் மேலே போகும் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனாள். எல்லாச் சேனலிலும் புள்ளிகள்தான். விரல் வலித்தது. நின்றாள். யோசித்தாள். பிறகு கீழே வரும் பொத்தானை அமுக்கினாள். ஒன்றாம் எண்ணுக்குத் திரும்பி வந்தாள். ஒன்றுக்குக் கீழே என்ன இருக்கப் போகிறது? இருந்தாலும் இன்னொரு முறை அமுக்கினாள்.

இரைச்சல் சட்டென்று நின்றது. ‘டிங்டிடிங்’ என்றது டிவி. தொப்பித் தவளை வந்து நின்றது. குண்டாக இல்லை. அளவாக, சிரித்த முகமாக நின்றது.

பெரியவள் கைப்பிடியை எடுத்துச் சின்னவனிடம் நீட்டினாள்.

“நீ முதல்ல விளையாடு” என்றான் அவன். பயம்.

“வேணாம். நான் விளையாடினா நீ நம்ப மாட்டே. பள்ளத்தப் பார்க்காத. சும்மா நின்ன இடத்துலயே குதிக்க வை.”

சின்னவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விறைத்த கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தான் மேல் வைத்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமுக்கினான்.

டிக் என்றபோதே தவளை மேலே இருந்தது.

சின்னவன் வாயைத் திறந்தான். மூட மறந்துவிட்டான். மறுபடி அமுக்கினான். தவளை உடனே குதித்தது. மறுபடி. உடனே. அவன் விரலுக்கும் தவளைக்கும் நடுவில் ஒரு நூல் கட்டியது போல இருந்தது. நூலை இழுத்தால் தவளை எழும்பியது.

“அக்கா...”

“ம்?”

“என் விரல்... லேட் இல்ல.”

“நான்தான் சொன்னேனே.”

சின்னவன் தவளையை நடக்கவிட்டான். முதல் பள்ளம் வந்தது. அமுக்கினான். தாண்டியது! அவன் கத்திய கத்தலில் அத்தையின் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாவது பள்ளத்தையும் தவளை தாண்டியது. மூன்றாவதில் அவன் அவசரப்பட்டு முன்கூட்டியே அமுக்கிவிட்டான்.

தொபக்.

பெரியவள் அவசரமாக அவன் பக்கத்தில் வந்தாள். ஆனால் சின்னவன் அவள் பக்கம் திரும்பினான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

“இது நானே விழுந்தது அக்கா! என் தப்பு! டிவி தப்பு இல்ல, விரல் தப்பு இல்ல, நானேதான் விழுந்தேன்!”

“அத ஏன்டா இவ்வளவு சந்தோஷமாச் சொல்றே?” என்றார் அத்தை.

அவன் பதில் சொல்ல நேரம் இல்லாமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான்.

அத்தை ஒரு சட்டையைக் கையில் எடுத்தார். பெரிய அளவுச் சட்டை. யாருக்கோ சின்னதாக்க வேண்டியிருந்தது. தையலைப் பிரித்து, ஓரத்தை வெட்டி, மறுபடி தைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

“நம்ம வீட்டு டிவியும் இப்படித்தான் செய்யுது போல அத்தை. பழைய படம் அதோட அளவுக்கு இல்லையே. பிரிச்சு, இழுத்து, தன் அளவுக்குத் தைச்சுட்டு அப்புறம் காட்டுது. அதுக்குள்ள தவளை விழுந்துடுது. இந்த டிவி வந்தத வந்தபடியே காட்டிடுது.”

“இருக்கும் கண்ணு. ஆல்டர் பண்றதுன்னா நேரம் ஆகத்தானே செய்யும்” என்றார் அத்தை. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். கண் களைத்துப்போய் நூல் மூன்று முறை தவறியது. பெரியவள் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். இன்னும் சில ஊசிகளிலும் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவன் கையை உதறினான்.

“வலிக்குதா?” என்றாள் பெரியவள்.

“வலிக்குது. டாக்டரம்மா சொன்ன மாதிரி கொஞ்சம் நிறுத்திட்டு அப்புறம் விளையாடறேன்.”

பெரியவள் தன் காதை நம்பவில்லை. டாக்டரம்மா சொன்னது எதுவும் இத்தனை நாளாக அவன் காதில் விழுந்ததாகவே அவளுக்குத் தெரியாது.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து கடை வாசலில் நின்றாள். தோளில் பை. கை இரண்டும் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தன.

“வீடு திறந்து கிடக்கு. உள்ள இவங்க மாமா மட்டும் குறட்டை விட்டுட்டிருக்கான். பிள்ளைங்க ரெண்டையும் காணோம்னு எனக்கு உயிரே...” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

சின்னவனின் வலது கட்டைவிரல் மடங்கியது. நிமிர்ந்தது. மடங்கியது. நிமிர்ந்தது. யாரும் சொல்லாமல், யாரும் கெஞ்சாமல், அதுபாட்டுக்கு.

அம்மா மெதுவாகச் சட்டைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் இறக்கி வைத்தாள்.

“அம்மா!” என்றான் சின்னவன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “என் விரல் நல்லாத்தான் இருக்கு. நம்ம டிவிக்குத்தான் விறைச்சுப்போச்சு!”

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்குத்தான் தொந்தரவு” என்றாள் அத்தையிடம்.

“தொந்தரவு என்ன? இத்தனை நாளா இந்தக் கடையில மெஷின் சத்தம் மட்டும்தான். இன்னிக்குத்தான் மனுஷச் சத்தம் கேட்டுது. தினம் சாயங்காலம் வரட்டும். ஆனா ஒண்ணு, சட்டைய எல்லாம் இறக்கினவங்களே மறுபடி ஏத்தி வெக்கணும்.”

“அக்கா அடுக்கிக் கொடுப்பா” என்ற சின்னவன், உடனே தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “இல்ல. நான் அடுக்கறேன்” என்றான்.

பெரியவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் தைக்காத துணி மூட்டை ஒன்றில் சாய்ந்து அவள் தூங்கிப்போயிருந்தாள். கன்னத்தில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. ஒரு கையில் நூல் கோத்த ஊசியின் நுனி மின்னியது. அத்தை அதைப் பத்திரமாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார்.

தவளை அப்போதுதான் ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டிப் பாட்டுப் பாட ஆரம்பித்தது.

“உஷ்! அக்கா தூங்குறா” என்று சின்னவன் தவளையை அதட்டினான். டிவியின் முன்னால் தவழ்ந்து போய், சத்தம் குறைக்கும் பொத்தானைத் தேடி, விறைப்பு இன்னும் முழுசாகப் போகாத தன் வலது கட்டைவிரலால், பாட்டு அடங்கும்வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.